பிரேக், கிளட்ச் ஒயில் மாற்றும் முறை: முதலில் நிப்பிள், பிறகுதான் ஒயில்

காரின் பிரேக் ஒயிலையும் கிளட்ச் ஒயிலையும் வீட்டு முற்றத்தில் மாற்றிவிடலாம். அரை நாள் போதும். ஆனால் இந்த வேலையைப் பாதியில் விட்டு, பெடல் தரையைத் தொடும் காரை லொறியில் ஏற்றி கராஜுக்கு அனுப்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் வாங்கிய ஒயிலில் குறை இல்லை, கையிலும் குறை இல்லை. வேலையின் வரிசைதான் மாறிப்போயிருந்தது. ஒயில் தாங்கியைக் காலி செய்த பிறகுதான் பின் சில்லின் நிப்பிள் (பழைய ஒயிலை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) துருவேறி இறுகியிருப்பது அவர்களுக்குத் தெரியவந்தது. ஆகவே இங்கே ஒவ்வொரு படியையும் அது ஏன் அந்த இடத்தில் வருகிறது என்ற காரணத்தோடு எழுதியிருக்கிறேன். படிகளை மாற்றிச் செய்ய வேண்டாம்.

1. உங்கள் வண்டிக்கு இது பொருந்துமா

முதலில் கிளட்ச் எப்படி இயங்குகிறது என்று பாருங்கள். சிறிய சுசுகி ஆல்டோ போன்ற கார்கள் பலவற்றில் கிளட்ச் கேபிளில் ஓடும். அங்கே கிளட்ச் ஒயிலே கிடையாது. ஒயிலில் இயங்கும் கிளட்ச் என்றால் இரண்டு வகை உண்டு. பழைய ஜப்பானியக் கார்கள் பலவற்றிலும் வான்களிலும் கிளட்சுக்கென்று தனியாக ஒரு சின்னத் தாங்கி பொனெற்றுக்குள் இருக்கும். ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் பிரேக்கும் கிளட்சும் ஒரே தாங்கியில் இருந்து குடிக்கும். அந்தத் தாங்கியின் பக்கவாட்டில், சற்று உயரத்தில், ஒரு மெல்லிய இறப்பர் குழாய் புறப்பட்டு சாரதி பக்கச் சுவருக்குள் போனால் அது கிளட்சுக்கானது. உயரத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கிளட்ச் பக்கம் ஒழுகினாலும் பிரேக்குக்கு உரிய ஒயில் அடியில் மிஞ்சி நிற்கும்.

பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவற்றின் பிரேக்கை மின்பம்ப் இயக்குகிறது. பிரியஸில் சாரதி கதவைத் திறந்தாலே பம்ப் விழித்து அழுத்தம் ஏற்றத் தொடங்கும். கணினி இணைத்துத்தான் அதில் எயர் எடுக்க (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற) வேண்டும். முற்றத்து வேலை அன்று.

மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் பொனெற்றுக்குள் தேட வேண்டாம். அதன் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை அமுக்கும்போது ஒயிலைத் தள்ளும் உருளை) சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. விரிப்பை விலக்கினால் மூடி தெரியும். அதைத் திறப்பதற்கு முன் சுற்றியுள்ள மண்ணை நன்றாகத் துடைத்து எடுங்கள். எங்கள் செம்மண் அங்கேதான் போய்ப் படிந்திருக்கும்.

2. மாற்ற வேண்டிய நேரம்

புதிய பிரேக் ஒயில் தண்ணீர் போல அல்லது வெளிறிய மஞ்சளாக இருக்கும். தாங்கியில் இருப்பது சாயத்தேநீர் நிறத்தில் இருந்தால் காலம் கடந்துவிட்டது. பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள்.

நிறத்தைவிடப் பெரிய சிக்கல், கண்ணுக்குத் தெரியாத தண்ணீர். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டொட் 3 (DOT 3) தர ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. அதில் 3.7 வீதம் தண்ணீர் ஏறிவிட்டால் அந்த அளவு 140 பாகைக்கு இறங்கலாம். டொட் 4 என்றால் 230இலிருந்து 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். பெடல் குமிழை நசுக்குமே தவிர சில்லைப் பிடிக்காது.

யாழ்ப்பாணத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கு இது தெரியாமலே போகலாம். இங்கே இறக்கம் ஏது? பருத்தித்துறையில் இருந்து ஊர்காவற்றுறை வரை ஓடினாலும் பிரேக் பெரிதாகச் சூடாகாது. அதே கார் குடும்பத்தோடு நுவரெலியா போய், றம்பொடைப் பக்கமாகக் கம்பளைக்கு இறங்கும்போதுதான் பழைய ஒயில் தன் கதையைச் சொல்லும். மலைநாட்டுப் பயணம் இருந்தால் அதற்கு முன்னதாக மாற்றுங்கள்.

கிளட்ச் ஒயில் வேறு விதமாகக் காட்டிக்கொடுக்கும். காலையில் ரிவர்ஸ் கியர் கரகரவென்று விழும், பெடல் தாழ்ந்து பிடிக்கும். ஆனால் அதே அறிகுறி உள்ளே ஒயிலை அடைத்து நிற்கும் இறப்பர் சீல் தேய்ந்ததாலும் வரும். அதைப் பற்றி 7ஆம் பகுதியில்.

3. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

ஒயில்: தாங்கியின் மூடியிலேயே டொட் 3 அல்லது டொட் 4 என்று எழுதியிருக்கும். அதையே வாங்குங்கள். டொட் 3 கேட்கும் வண்டிக்கு டொட் 4 ஊற்றலாம். டொட் 5 மட்டும் வேண்டவே வேண்டாம். அது சிலிக்கோன், மற்றவற்றோடு கலக்காது. டொட் 5.1 என்பது வேறு, அது கலக்கும் வகை. பெயரில் உள்ள ஒரு புள்ளியும் ஓர் இலக்கமும் பலரை ஏமாற்றியிருக்கின்றன. கிளட்சும் சேர்த்து ஒரு லீற்றர் போதும். ஒரு லீற்றர்ப் போத்தலைவிட அரை லீற்றரில் இரண்டு வாங்குவது நல்லது. இரண்டாவது திறக்காமல் மிஞ்சினால் கெடாது. திறந்து அலுமாரியில் வைத்த போத்தலை அடுத்த ஆண்டுக்கு எடுப்பது பழைய ஒயிலை ஊற்றுவதற்குச் சமம்.

ஸ்பானர்: நிப்பிள் பெரும்பாலும் 8 அல்லது 10 மில்லிமீற்றர். வளைய முனை உள்ள ஸ்பானர் கட்டாயம். திறந்த வாய் உள்ளது இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்கும், துருவேறிய நிப்பிளின் மூலைகளை வழித்துவிடும்.

குழாய்: மீன்தொட்டிக்கு விற்கும் தெளிவான பிளாஸ்ரிக் குழாய் ஒரு மீற்றர். நிப்பிளில் இறுக்கமாக ஏற வேண்டும். ஏறாவிட்டால் முனையைச் சுடுநீரில் ஒரு நிமிடம் வையுங்கள்.

போத்தல்: தெளிவான தண்ணீர்ப் போத்தல். மூடியில் குழாய் போகும் அளவுக்கு ஒரு துளை, காற்று வெளியேற இன்னொரு சிறு துளை. போத்தலில் 100 மில்லிலீற்றருக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள்.

இவை தவிர பார்மசியில் கிடைக்கும் பெரிய சிரிஞ்ச், பழைய சாரத்துண்டுகள், ஜாக்கோடு இரண்டு ஸ்ராண்ட், துருவிளக்கி, ஒரு வாளி கிணற்றுத் தண்ணீர். பிரேக் ஒயில் பெயின்றைத் தின்றுவிடும். பட்டவுடன் துடைத்தால் பரவும், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து போய்விடும்.

மண்ணெண்ணெயை இந்த வேலைக்குப் பக்கத்திலும் கொண்டுவர வேண்டாம். சைக்கிள் செயின் முதல் எஞ்சின் வரை எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிப் பழகிய ஊர் இது. பிரேக் சீல் இறப்பருக்கு அது நஞ்சு, ஊதிப் பெருத்துவிடும். எஞ்சின் ஒயில், பவர் ஸ்டீயரிங் ஒயில், கிரீஸ் எல்லாம் அதே வேலையைச் செய்யும்.

4. முதல் நாள் மாலை: எல்லா நிப்பிளையும் அசைத்துப் பார்த்தல்

பெரும்பாலானோர் தவறவிடும் படி இதுதான். ஒயிலைத் தொடுவதற்கு முன்பு நான்கு சில்லு நிப்பிளும் கிளட்ச் நிப்பிளும் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

முன் சில்லில் கலிப்பரின் (டிஸ்க்கைப் பிடிக்கும் பகுதி) மேற்பகுதியில் நிப்பிள் இருக்கும். பின்பக்கம் டிரம் என்றால் பின் தகட்டில், பிரேக் குழாய் நுழையும் இடத்துக்கு அருகில் இருக்கும். கிளட்ச் நிப்பிள் கியர்பெட்டியோடு ஒட்டியிருக்கும் சிலேவ் சிலிண்டரில் இருக்கும். மூன்று பக்கமும் கடல் உள்ள ஊரில் பின் நிப்பிளுக்கு முதலில் துரு பிடிக்கும், அதிலும் இறப்பர் மூடி தொலைந்திருந்தால் சொல்லவே வேண்டாம். கம்பித் தூரிகையால் துடைத்து, அடிப்பகுதியில் துருவிளக்கியைச் சில துளி விட்டு இரவு முழுக்க விடுங்கள். டிஸ்க்கிலும் பிரேக் பாட்களிலும் படாமல் பாருங்கள்.

மறுநாள் காலை வளைய ஸ்பானரை மாட்டி, கையால் சின்னத் தட்டு. எட்டில் ஒரு பங்கு சுற்றுத் திறந்து உடனே மூடுங்கள். அசையாவிட்டால் முதலில் சற்று இறுக்கும் திசையில் தட்டிப் பிறகு திறக்கும் திசைக்கு வாருங்கள். நிப்பிள் உள்ளே பொள்ளலான ஒரு சிறு ஆணி, ஸ்பானரில் நீளக் குழாய் மாட்டி நெம்பினால் கழுத்தில் முறியும்.

ஒன்று அசையவே இல்லை என்றால் அன்றைக்கு வேலையைத் தொடங்க வேண்டாம். இப்போது வண்டி ஓடும் நிலையில் இருக்கிறது. அப்படியே கராஜுக்கு ஓட்டிப்போய் அந்த ஒரு நிப்பிளை மட்டும் மாற்றிக்கொண்டு வரலாம். தாங்கியை வெறுமையாக்கிய பிறகு இந்த வசதி கிடையாது.

5. வண்டியை நிறுத்துவதும் தாங்கியைச் சுத்தம் செய்வதும்

மழைக்காலத்தில் திறந்த முற்றத்தில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் தாங்கி திறந்து கிடக்கக் கூடாது.

சில்லுகளுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வையுங்கள். எங்கள் வீட்டில் பிளந்த பனங்குற்றி. "கியரில் போட்டிருக்கிறேனே" என்பார்கள். கிளட்ச் பெடலை அமுக்கும்போது கியர் வண்டியைப் பிடிக்காது, பிரேக்கோ திறந்து கிடக்கிறது. ஆப்புத்தான் காவல். ஜாக்குக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள், இல்லாவிட்டால் மண்ணில் புதையும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. ஸ்ராண்டில் இறக்கிய பிறகுதான்.

எஞ்சினை நிறுத்தி, திறப்பை வெளியே எடுத்து, பிரேக் பெடலை ஐந்தாறு தடவை அமுக்குங்கள். பூஸ்டரில் (காலின் அழுத்தத்தைப் பெருக்கும் கலம்) மிஞ்சிய வெற்றிடம் போய் பெடல் கெட்டியாகும். அப்போதுதான் கால் உணர்வது உண்மையான அழுத்தமாக இருக்கும்.

மூடியைச் சுற்றித் துடைத்து விட்டுத் திறந்து, மூடிக்குள் உள்ள இறப்பர் விரிப்பைப் பாருங்கள். அது அப்பளம் போல நெளிந்து, பெருத்து, இடத்தில் அமராமல் இருந்தால் யாரோ இதற்குள் வேறு எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். சந்தேகம் தீர ஒரு கிளாஸ் தண்ணீரில் இரண்டு துளி விட்டுப் பாருங்கள். பிரேக் ஒயில் தண்ணீரில் கரைந்துவிடும், மற்ற எண்ணெய் மேலே மிதக்கும். மிதந்தால் ஒயில் மாற்றிப் பயன் இல்லை. எல்லாச் சீலும் ஹோஸும் மாற்ற வேண்டும்.

எல்லாம் சரி என்றால் சிரிஞ்சால் பழைய ஒயிலை உறிஞ்சி எடுங்கள். அடியில் கறுப்பு வண்டல் இருந்தால் பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். இதற்கிடையில் யாரும் எந்தப் பெடலையும் தொடக் கூடாது, தொட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று போகும். உடனே புதிய ஒயிலை மேல் கோடு வரை ஊற்றி, மூடியைத் தளர்வாக வையுங்கள். உறிஞ்சாமல் தொடங்கினால் தாங்கியில் இருந்த அழுக்கு முழுவதும் நான்கு குழாய்களையும் சுற்றி வந்த பிறகுதான் வெளியேறும், ஒயிலும் வீணாகும்.

6. காலும் கையும்

ஒருவர் பெடலில், ஒருவர் நிப்பிளில். சொற்கள் மூன்று மட்டும்: அமுக்கு, பிடி, விடு. அடியில் இருப்பவர் சொல்வார், மேலே இருப்பவர் செய்து முடித்ததும் அதே சொல்லைத் திருப்பிச் சொல்வார்.

"அமுக்கு" என்றதும் மெதுவாக அமுக்க வேண்டும். அழுத்தம் வந்ததும் அடியில் இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பார். ஒயில் குழாய்க்குள் பாயும், பெடல் தாழும். "பிடி" என்றால் கால் அங்கேயே நிற்க வேண்டும். நிப்பிளை மூடிய பிறகுதான் "விடு".

மூடும் முன் காலை எடுத்தால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை நேரில் பார்த்தேன். மருமகன் பெடலில் இருந்தான். மடியில் கைத்தொலைபேசி. பிடி என்றேன், "பிடித்திருக்கிறேன் மாமா" என்றான். குழாயில் நாலு அங்குலம் மஞ்சளாக நின்ற ஒயில், என் கண்முன்னே நின்று, பிறகு மெல்லப் பின்னோக்கி ஊர்ந்து நிப்பிளுக்குள் மறைந்தது. அதன் பின்னால் ஒரு குமிழ். கால் தானாகத் தளர்ந்தது அவனுக்கே தெரியவில்லை. அந்தச் சில்லை மறுபடி முதலில் இருந்து செய்தோம், தொலைபேசி வேலை முடியும்வரை அம்மாவிடம் இருந்தது.

போத்தலில் இரண்டு விரல் புதிய ஒயில் ஊற்றி, குழாயின் முனை அதில் மூழ்கியிருக்கும்படி வையுங்கள். அப்படிச் செய்தால் உறிஞ்சினாலும் காற்றுக்குப் பதில் ஒயில்தான் திரும்பும். முழுக் காப்பு அன்று, நிப்பிளின் மரை வழியாகவும் காற்று நுழையும்.

பழைய வண்டியில் பிரேக் பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள், பெடல் தரைவரை போகாதபடி. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் வழக்கமாக ஓடும் பகுதி பளபளப்பாக இருக்கும். அதற்கு அப்பால் பல ஆண்டு வண்டலும் துருவும். சீல் அங்கே போய் உரசினால் நேற்றுவரை ஒழுங்காக இருந்த சிலிண்டர் இன்று ஒழுகத் தொடங்கும். "ஒயில் மாற்றியதால் மாஸ்டர் போய்விட்டது" என்ற புலம்பலில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

7. கிளட்ச்

பலர் பிரேக்கை முதலில் முடிப்பார்கள். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். ஒரே தாங்கி உள்ள காரில் பிரேக் முழுவதையும் மாற்றிவிட்டு கிளட்ச் பெடலை இரண்டு தடவை அமுக்கி விட்டபோது, தெளிந்து கிடந்த தாங்கிக்குள் மை கரைந்தது போலக் கறுப்பு நூல் ஒன்று மேலேறி வந்தது. அன்றிலிருந்து அழுக்கு மிகுந்ததே முதலில்: கிளட்சை முடித்து, தாங்கியை மறுபடி உறிஞ்சி, புதிது ஊற்றிவிட்டுத்தான் பிரேக்குக்குப் போகிறேன். தாங்கிகள் தனித்தனியாக இருந்தால் எது முதலில் என்பது உங்கள் விருப்பம்.

கிளட்ச் ஒயில் ஏன் அவ்வளவு கறுப்பு? கியர்பெட்டியோடு ஒட்டியிருக்கும் சிலேவ் சிலிண்டரில் சிறிதளவு ஒயில் முன்னும் பின்னும் அசைந்துகொண்டே கிடக்கிறது, எங்கும் போவதில்லை. பெடலின் ஒவ்வோர் அமுக்கும் சீலின் இறப்பரைக் கொஞ்சம் தேய்த்து அந்த ஒயிலுக்குள்ளேயே விடுகிறது.

நிப்பிளைத் தொடும் முன் சிலேவின் இறப்பர் உறையை விரலால் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் சீல் போய்விட்டது. ஒயில் மாற்றி அதைக் குணப்படுத்த முடியாது, சீல் செட் வாங்குங்கள்.

முறை அதேதான், ஒரு வேறுபாடு மட்டும். நிப்பிளைத் திறந்ததும் கிளட்ச் பெடல் தரையில் விழுந்து கிடக்கும், தானாக மேலே வராது. நிப்பிளை மூடிய பிறகு கையால் மெதுவாகத் தூக்க வேண்டும். புதியவர்கள் இங்கே பயந்து ஏதோ உடைந்துவிட்டது என்று எண்ணுகிறார்கள். 100 முதல் 150 மில்லிலீற்றர் வெளியேறினால் தெளிந்துவிடும்.

சிலேவ் வெளியே தெரியும் வண்டியில், அதைக் கழற்றிப் பிஸ்டனைக் கையால் உள்ளே அழுத்தினால் பின்னால் தங்கிய வண்டலும் வெளியேறும். அப்படிக் கழற்றியிருக்கும்போது யாராவது கிளட்ச் பெடலை மிதித்தால் பிஸ்டன் வெளியே பாய்ந்துவிடும். துணைக்கு இருப்பவரைக் காரில் இருந்து இறக்கிவிட்டுச் செய்யுங்கள்.

8. பிரேக்: எந்தச் சில்லு முதலில்

நமது வண்டிகளில் ஸ்டீயரிங் வலப்பக்கம், மாஸ்டரும் பெரும்பாலும் அதே பக்கம். ஆகவே மிகத் தூரமானது பின் இடது. வழக்கமான வரிசை: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நீளமான குழாயின் அழுக்கை முதலில் தள்ளிவிட்டால் அது திரும்பிக் கலக்காது. சில தயாரிப்பாளர்கள் வேறு வரிசை சொல்லியிருப்பார்கள். வண்டியின் கைநூலில் இருந்தால் கைநூல் சொல்வதே சரி.

ஹையேஸ் போன்ற வான்களில் பின் அச்சுக்கு அருகே சுமையை உணரும் வால்வு ஒன்று இருக்கும். பின்பக்கத்தைத் தூக்கிச் சில்லுகளைத் தொங்கவிட்டால், வான் வெறுமையாக இருக்கிறது என்று அது எண்ணிப் பின் பிரேக்குக்குப் போகும் ஒயிலைக் குறைத்துவிடும். பின் நிப்பிள்களை வான் தரையில் நிற்கும்போதே செய்யுங்கள்.

முதல் சில்லில் 200 முதல் 250 மில்லிலீற்றர் வரை விடுங்கள், மற்றவற்றில் 100 முதல் 150. நிறம் மாறுவது குழாயிலேயே தெரியும், ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல் போத்தலின் கோட்டையும் பாருங்கள். பழையதும் வெளிறிய நிறத்தில் இருந்தால் கண் ஏமாறும்.

ஐந்து அமுக்குக்கு ஒருமுறை தாங்கியை நிரப்புங்கள். ஐந்து என்று வாயால் எண்ணுங்கள். தாங்கி வற்றினால் மாஸ்டரில் காற்று, ஏபிஎஸ் (சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் அதன் வால்வுப் பெட்டிக்குள்ளும் காற்று. அங்கே போன காற்றை எடுக்கப் பல வண்டிகளில் கணினி வேண்டும்.

ஒவ்வொரு சில்லும் முடிந்ததும் நிப்பிளைச் சிறிய ஸ்பானரால் இறுக்கி, தண்ணீர் ஊற்றித் துடைத்து, இறப்பர் மூடியைப் போடுங்கள். மூடி இல்லாவிட்டால் ஒரு சின்ன இறப்பர்க் குழாய்த் துண்டு.

9. பெடல் இன்னும் பஞ்சு போல இருந்தால்

முதலில் மறுபடி பின் இடதில் இருந்து ஒரு சுற்று வாருங்கள், குமிழ் ஒளிந்திருக்கலாம். அதன் பிறகும் அப்படியே என்றால் முன் கலிப்பரைப் பாருங்கள். நிப்பிள் மேலே இருக்கிறதா? யாரோ முன்பு கலிப்பரை இடம் வலம் மாற்றிப் பூட்டியிருந்தால் நிப்பிள் கீழே வந்துவிடும், காற்று மேலே தங்கிவிடும், எத்தனை லீற்றர் ஊற்றினாலும் வெளியேறாது. என்னிடம் வந்த ஒரு காரில் இதைக் கண்டுபிடிக்க ஒரு முழுப் பகலும் ஒன்றரை லீற்றரும் செலவானது.

பெடல் கெட்டியாக இருந்து, அமுக்கிப் பிடித்தால் மெல்ல மெல்லத் தாழ்ந்தால் அது காற்று அன்று. வெளியே எங்கும் ஒழுகவில்லை என்றால் மாஸ்டரின் சீல்.

10. ஒழுங்கைக்குள் சோதனை

தாங்கியை மேல் கோடு வரை நிரப்பி மூடியை இறுக்குங்கள். எஞ்சின் நிறுத்தியபடி பிரேக் பெடலை 30 விநாடி பலமாக அமுக்கிப் பிடியுங்கள், இறங்கக் கூடாது. பெடலில் கால் இருக்கும்போதே எஞ்சினை இயக்குங்கள். பெடல் கொஞ்சம் தாழ்ந்து நிற்க வேண்டும், அது பூஸ்டரின் வேலை. எஞ்சினை நிறுத்தி, ஒவ்வொரு நிப்பிளையும் உலர்ந்த துணியால் தொட்டுப் பாருங்கள். சில்லைக் கழற்றியிருந்தால் நட்டுகளை, வண்டி தரையில் நிற்கும்போது இறுக்குங்கள்.

பிறகு ஒழுங்கைக்குள் நடை வேகத்தில் ஐந்தாறு தடவை நிறுத்திப் பாருங்கள். பிரதான வீதிக்கு அதன் பிறகு.

வெளியே வந்த பழைய ஒயிலைப் போத்தலில் அடைத்து, மேலே பெயர் எழுதிப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குடிநீர்ப் போத்தலில் தேநீர் நிறத்தில் இருக்கும் நஞ்சு அது. மண்ணில் ஊற்ற வேண்டாம். நம் நிலத்துக்கு அடியில் வெடிப்பும் துளையும் உள்ள சுண்ணாம்புக்கல். முற்றத்தில் ஊற்றியது கிணற்றுக்குப் போகும், உங்கள் கிணற்றுக்கு மட்டும் என்றும் சொல்ல முடியாது.

மறுநாள் காலை ஓட்டும் முன் தாங்கியின் அளவையும் நான்கு சில்லின் உட்புறத்தையும் கிளட்ச் சிலேவையும் ஒருமுறை பாருங்கள். தேதியும் கிலோமீற்றரும் எழுதிய ஒட்டுத்துண்டு ஒன்றைத் தாங்கிக்கு அருகில் ஒட்டுங்கள், மூடியின் மேல் வேண்டாம். ஒரு துளி ஒயில் பட்டாலும் மை கரைந்துவிடும்.